வலப்பக்கச் சுவர்

கணவாய் ஒன்று, உயிருடன்,
கை பத்தும் முழுசாக, ரூபாய் இருநூற்றெண்பது
என்று கிளீட்டஸ் எழுதித் தந்த துண்டுச்சீட்டில்
மீன்செதில் ஒட்டியிருக்கிறது.
கணக்குப் பிரிவு அதை இரண்டு முறை திருப்பி அனுப்பியது.

முட்டம் துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய ஐஸ் ஆலையின் பாதிதான் எங்கள் ஆய்வுக்கூடம்.
ஏழு தொட்டிகள். கரண்ட் போனால்
இருமி இருமிக் கிளம்பும் ஒரு ஜெனரேட்டர்.
வலப்பக்கச் சுவரில் கடிகாரம்,
நாகர்கோவில் நகைக்கடையொன்று
அட்சய திருதியைக்குக் கொடுத்தது.

கேள்வி எளிது.
என்ன தின்றோம், எங்கே, எவ்வளவு நேரம் முன்பு
மூன்றையும் சேர்த்து முடிந்து வைக்குமா ஒரு கணவாய்?
இடப்பக்க அட்டையில் எப்போதும் நண்டுத்துண்டு.
வலப்பக்கத்தில் இறால்,
மூன்று மணி நேரம் கழிந்திருந்தால் மட்டும்.
இறால் என்றால் அவற்றுக்கு உயிர்.
ஒரு மணியில் இடம் போக வேண்டும்,
மூன்றில் வலம்.

ஏழாம் தொட்டிக்காரன்
முப்பத்தாறில் முப்பத்துமூன்று சரி.

திங்கள்சந்தை பஸ்ஸில் தொங்கிக்கொண்டே
அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
குடையை மறந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்து,
அம்மாவின் பிரஷர் மாத்திரையை மறந்து
வீடு சேர்ந்த நாள் அது.

"அதுக்குப் புத்தி இல்லேன்னு ஆரு சொன்னா?"
கிளீட்டஸ் சிரித்தான்.
தென்னங்கொலஞ்சிலும் மண்மூட்டையும் சேர்த்துக் கட்டி
பதினெட்டுப் பாகத்தில் இறக்குகிறவன்.
முட்டை ஒட்ட வருகிற இடத்தில் அவன் தூண்டில் இருக்கும்.
"புத்தி இருக்கப்போயிதான் பிள்ளே, வந்து மாட்டுது."
இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

பிறகு அந்த வீடியோ.
வெளிச்சம் போதுமா என்று பார்க்கத்தான் ஓடவிட்டேன்.
தொட்டிக் கண்ணாடியில் மங்கலாக என் முகம்.
ஒரு மணிச் சோதனைக்கு மொபைலில் அலாரம்,
மொபைல் இடக்கையில்.
மூன்று மணி வரை அதில் சார்ஜ் நிற்காது,
அதனால் சுவர்க்கடிகாரம்.
நேரம் ஆனதும் என் கண் வலப்பக்கம் போகிறது.
தலை கொஞ்சம். தோள் அதைவிடக் கொஞ்சம்.
அடுத்த நொடி
கணவாயும் போகிறது.

எனக்கு அந்தச் சுவர் மணி.
அதற்கு நான்.

கறுப்புத் துணி கட்டி, அதற்குப் பின்னால் நின்றேன்.
முப்பத்தாறில் பத்தொன்பது.
காசைச் சுண்டினாலும் அவ்வளவு வரும்.
தூத்துக்குடியிலிருந்து போனில் வழிகாட்டி:
"பழைய தரவை எடுத்திடுங்க, பிரைட்லின்.
பார்வையாளர் பிழை.
புதுசா பதினாலு வாங்கி ஆரம்பிங்க."

பிழை.
இரவு முழுக்க அந்தச் சொல் பல்லில் நார்போல.
மூன்று இதயம் துடிக்க,
நிறமே தெரியாத கண்ணால், கண்ணாடிக்கு அப்பால் நின்று
என் கருவிழி நகர்வதைப் பார்த்து
இறால் எங்கே என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறது.
அதை விசாரிக்க எங்களிடம் அட்டை இல்லை.
இதுவரை என் முகத்தை
யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததும் இல்லை.

சனிக்கிழமை துணியைச் சுருட்டினேன்.
கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் போட்டேன்.
சுவரில் வட்டமாக
உப்புக்காற்று படாத வெள்ளை.
கிளீட்டஸுக்குப் பதினாலு சொல்லியாயிற்று.
சோதனை ஏதுமில்லை, வாளி கழுவிக்கொண்டிருந்தேன்.
கோயிலில் பன்னிரண்டு அடித்தது.
பழக்கதோஷம்,
நிமிர்ந்து அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தேன்.

ஏழாம் தொட்டியில் தண்ணீர் அசைந்தது.
வலப்பக்கம் போய்,
அட்டை இல்லாத இடத்தில் நின்றது,
முன்னிரு கைகளையும் தூக்கி
உடம்பெல்லாம் வரி ஓட.

இறால் ஒன்றைப் போட்டேன்.
பதிவேட்டில் ஏற்றவில்லை.