தெரியாது என்றொரு கட்டம்

சத்துவாச்சாரி, இரண்டாவது மாடி.
கத்திரி வெயிலில் ஏ.சி. நின்று மூன்று நாள்.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
மேசைமேல் கிடக்கும் பழைய கணினி மட்டும்
தன் உடம்புச் சூடு
பூஜ்யம் என்கிறது.

பொய் இல்லை அது.
சூடு பார்க்கும் கருவியே அதற்குள் கிடையாது.
கேட்டுவிட்டார்களே என்று
எதையோ சொல்லி வைத்தது.

ஆம்பூர், குடியாத்தம், ஆற்காடு,
தோல் ஷெட்டிலும் பீடி மண்டியிலும் கழித்துக்கட்டி
இங்கே வந்து குவிந்தவை முந்நூற்றுப் பதினாறு பெட்டிகள்.
அத்தனையிடமும் ஒரே கேள்வியை
ஒரே மாதிரி கேட்பதற்குச் சம்பளம் எங்களுக்கு:
உன்னிடம் என்ன இருக்கிறது?

ஒன்று நினைவகத்தை மெகாவில் சொல்லும், ஒன்று கிலோவில்.
ஒன்று இரண்டு மூளையை நாலென்று எண்ணிக் காட்டும்.
வரிசை எண் கேட்டால் பதினேழு பெட்டிகள்
‘தயாரிப்பாளர் இங்கே நிரப்பவும்’ என்கின்றன.
நிரப்பாமலே அனுப்பிவிட்டான் எவனோ.
எங்கள் நிரல் முதல் வாரம் முழுக்க
பதினேழையும் ஒரே ஆளென்று நம்பிக்கொண்டிருந்தது.

ஆகவே ஒரு பொதுப் படிவம்.
மார்கபந்து கோடு போட்டான்: பெயர், அளவு, அலகு.
தெரியாத இடத்தில் பூஜ்யம் போடு,
கூட்டும்போது இடிக்காது என்றான்.
இல்லை வேறு, தெரியாது வேறு என்றேன்.
கூட்டல் தப்பாகாதே?
ஆள் தப்பாகும்.

சோறு ஆறும்வரை சண்டை.
ஜன்னல் வழியே பாலாற்றைக் காட்டினான்:
அதன் நீர்மட்டத்துக்கு என்ன போடுவாய்?
பூஜ்யம்.
மணலைப் போய்ப் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறோம்.
பார்க்காத ஆற்றுக்கு?

குடும்ப விவரம் கேட்ட ஒரு படிவத்தில்
தகப்பன் கட்டத்துக்கு இரண்டே விடை இருந்தது:
உயிருடன். காலமானார்.
ராணிப்பேட்டையில் லாரி ஏறியவர்
எந்தச் சோதனைச்சாவடி தாண்டி இறங்கினாரோ.
பதினோரு வருடமாய் அம்மா
அந்த வரி வந்ததும் பேனாவை மூடிவிடுகிறாள்.
இதை நான் மார்கபந்துவிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் அவனாகவே
மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்தான்.
‘உனக்காக இல்ல.
சுத்துற ஃபேனையும் நின்னுபோச்சுன்னு
நிறுத்தி வெச்சிட்டோம், நாலு பெட்டி.’

ஒன்பது மணிக்கு மறுபடி ஓட்டினோம்.
பழைய பெட்டி வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதித்து
சூடு: தெரியாது
என்றது.

மேசை விசிறியை
அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.