பில்லில் இருக்கும் பெட்டி

"பில் எல்லி?" என்றாள் மேசைக்காரி.
சிட்டி சிவில் கோர்ட், நாலாவது மாடி,
எனக்கு இது ஆறாவது தடவை.
அடக்கச் செலவுக்கென்று
படிவத்தில் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது.
பக்கத்திலேயே பொடி எழுத்தில்
அசல் ரசீது வேண்டுமாம்.

சவரிநாதனை ஏ.டி.எம். வாசலில் குத்தியவர்களுக்கு
மிஷினைத் திறக்கத் தெரியவில்லை.
வெறுங்கையோடுதான் ஓடினார்கள்.
அவருடைய டிபன் பாக்ஸ்
ஸ்டேஷனில் சாட்சிப் பொருளாக இருந்தது,
உள்ளே லெமன் சாதத்தோடு.

ரசீது யார் தருவார்கள்?
பௌரிங் பிணவறையில் தைத்தவர் இரண்டாயிரம் கேட்டார்.
"நெருக்கித் தைக்கிறேம்மா" என்றார்.
நெருக்கித்தான் தைத்திருந்தார், பொய் சொல்லக் கூடாது.
மகஜர் எழுத வந்தவர்களுக்குப் பதினோரு டீ.
குழி வெட்டியவருக்குக் கூலிக்கு மேல் ஒரு குவார்ட்டர்.
ஒசூரிலிருந்து என் தங்கை
அழுதுகொண்டே வந்த டாக்ஸி.

பெட்டிக் கடை பெலிக்ஸிடம்
(மிட்டாய் விற்கிற பெட்டிக்கடை இல்லை, இது வேறு)
மட்டும்தான் பில் புத்தகம் இருந்தது.
கார்பன் தாளைச் செருகிவிட்டுக் கேட்டார்:
"எவ்வளவு போடட்டும்?"
வாங்கினது எட்டாயிரம்.
வெட்கத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.
அவரே விரல் விட்டுக் கூட்டினார்,
தையல், டீ, டாக்ஸி.
"வேற ஏதாவது இருக்கா அக்கா?"
மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை என்றேன்.
"அதுவும் இருக்கட்டும். பெட்டி தாங்கும்."

"ஒரு பெட்டி பதினாலாயிரத்து நானூறா?"
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள் மேசைக்காரி.

தேக்கு என்றேன்.
எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை.

"சைஸ்?"
ஆறேகால் அடி.
எழுதிக்கொண்டாள். முத்திரை விழுந்தது.

சில்வர் ஓக் பலகை அது.
மழை, புதிதாகச் செய்ய நேரமில்லை என்று
கடையில் தயாராக நின்ற அஞ்சே முக்கால் அடி.
முழங்காலைக் கொஞ்சம் மடக்கி
ஒருபக்கமாகச் சாய்த்து வைத்தோம்,
நைட் டியூட்டி முடிந்து
பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டு வருவாரே, அப்படி.

பணம் இன்னும் வரவில்லை.
வந்தாலும் மினிமம் பேலன்ஸ் இல்லையென்று
பேங்க் முதலில் ஒரு கை எடுத்துக்கொள்ளும்.
எடுக்கட்டும்.

கல்பள்ளி மண்ணுக்குள் எப்படி இருக்கிறாரோ,
நாலாவது மாடியில்
சிவப்பு நாடா போட்ட கோப்புக்குள்
என் புருஷன்
தேக்குப் பெட்டியில்
காலை நீட்டிப் படுத்திருக்கிறார்.