இருநூற்றுப் பத்து மீட்டர்

கோப்பை ஒன்று கிடைத்தால் ஒன்றரை லட்சம் கூடும்.
புகைப்படம் என்றால் நாற்பதாயிரம்.
திருப்பூர்க்காரர் சொல்லிவிட்டார்:
"பந்தயத்துல ஜெயிச்ச வண்டிதான் வேணும்.
சும்மா பழசு எங்க வீட்லயே நிக்குது."

கட்டபெட்டில், கேரட் கழுவும் கொட்டகைக்குப் பின்னால்
கிடந்தது அந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.
கொட்டகையைக் குத்தகை எடுத்தவருக்கு
தார்ப்பாயும் அதற்குள் இருந்ததும் சேர்ந்தே வந்ததாம்.
பானெட்டைத் தூக்கினால்
முகம் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து
தன் காலைத் தானே பார்க்கிற வண்டி.

உப்புத்தாள் போட்டேன்.
வெள்ளைக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே யார் கல்யாணத்துக்கோ அடித்த கிரீம்,
அதற்கும் கீழே
தூரிகையால் எழுதிய சிவப்புப் பதினேழு.
ஏழின் கால் நடுங்கியிருந்தது.

கதவுக்குள், சீட்டுச் சட்டத்தில், தரைத் தகட்டில்
நூற்று முப்பத்தொரு துளை.
துரு தின்றதல்ல, டிரில் போட்டது.
எடை குறைக்க யாரோ இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள்.
எல்லாத் துளையிலும் செம்மண்.

ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பழைய பதிவேட்டை
எனக்கு முன்பே மழை படித்து முடித்திருந்தது.
மிச்சம் விட்டது அரைப் பெயர்:
"...ஜன், த/பெ மல்லன்."

மூன்று போஜன்கள் இருந்தார்கள்.
ஒருவர் டிராக்டர் தவிர எதையும் தொட்டதில்லை.
ஒருவர் டீ கொடுத்து, தன்னுடைய ஜீப்பை
என் தலையில் கட்டப் பார்த்தார்.
மூன்றாமவர் போய் ஒன்பது வருஷம். மருமகன் சொன்னான்:
"மாமா அதுல மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் ஏத்துனாரு,
பதினோரு வருஷம்.
பந்தயமா? வெலிங்டன்ல ஃபிட்டர் வீட்ல கேளுங்க."

ஃபிட்டர் ஞானதிரவியமும் இல்லை.
மகள் எப்சிபா தையல் மிஷினை நிறுத்தாமலே பேசினார்.

"இந்த மலையில நேர் ரோடு எங்க இருக்கு?
ரெண்டு வளைவுக்கு நடுவுல
இருநூத்திப் பத்து மீட்டர், அப்பா டேப் வச்சு அளந்தது.
பந்தயம் நானூறு.
பாதியை ரோட்ல ஓட்டுவாங்க,
மீதியை நோட்ல ஓட்டுவாங்க.
நான் வளைவுல நிக்கணும்.
பஸ் வந்தா கைக்குட்டை ஆட்டணும்.
எனக்கு அப்போ பதினொண்ணு."

லாரியில் ஏற்றிச் சோழவரம் கொண்டுபோனார்கள்.
ஆறாயிரம் அடி உயரத்து மெல்லிய காற்றுக்கு
அளந்து வைத்த கார்ப்பரேட்டர் ஜெட்.
கீழே காற்று கனம்.
பெட்ரோல் பற்றாமல் வெந்தது எஞ்சின்.
முந்நூறில் நின்றது.

"இருநூத்திப் பத்து வரைக்கும் முன்னால போச்சாம்.
அது போஜண்ணன் சொன்னது.
அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு,
திரும்பி வந்து, செருப்பைக் கழட்டும்போது:
காத்தை மறந்துட்டேன்."

மிஷின் பக்கத்தில் கவிழ்த்து வைத்த பிஸ்டன்.
அதில் இரண்டு பென்சில், ஒரு சாக்குக்கட்டி, இஞ்ச் டேப்.
தூக்கிப் பார்த்தேன். அடியில்
சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை,
ஓரமெல்லாம் உருகி வழிந்து உறைந்திருந்தது.

"இதுக்கு என்ன வேணும்?"
"பென்சிலை அப்புறம் எங்க போடறது?"
தையலைத் தொடர்ந்தார்.

திரும்பும் வழியில் அந்த இடத்தில் இறங்கி
நடந்து பார்த்தேன். இருநூற்று எண்பது தப்படி.
போன் அடித்தது.
"கோப்பை கிடைச்சுதா?" என்றார் திருப்பூர்க்காரர்.
கிடைத்தது, ஆனால் தண்ணீர் நிற்காது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சிக்னல் போய்விட்டது.

வளைவுக்கு அப்பால் கோத்தகிரி பஸ்ஸின் ஹாரன்.
பாக்கெட்டில் கை போனது,
கைக்குட்டை தேடி.