தொட்டால் ஆடணும்

வெள்ளிக்கிழமை ஆறாவது பீரியட்.
கால அட்டவணையில் சதுரங்கம் என்றெழுதி
பக்கத்தில் என் பெயரைப் போட்டுவிட்டார் தலைமையாசிரியர்.
நான் கபடிக்கு விசில் ஊதுகிறவள்.
பாளையங்கோட்டையில் மூன்று நாள் பயிற்சி,
வேளைக்கொரு டீ, ஒரு கையேடு.
குதிரை மட்டும் ஏன் கோணலாகப் போகிறது என்று
கேட்க நினைத்துக் கேட்காமலே
முக்கூடல் பஸ்ஸில் ஏறினேன்.

கரும்பலகையில் அறுபத்துநாலு கட்டம் போடுவதற்குள்
முழு சாக்பீஸ் ஒன்று தீர்ந்துபோகும்.
"ரெண்டு வீடு நேரா போயி
ஒரு சந்து திரும்பணும், அதான் குதிர" என்றேன்.
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு சிரிக்கவில்லை.
எந்தச் சந்து, யார் வீடு,
எதுவரைக்கும் நேராகப் போகலாம் என்று
நான் கட்டம் போடும் முன்பே
அவர்களிடம் ஒரு வரைபடம் இருந்தது.

பெட்டியைப் பிரித்த அன்றே ஒரு கறுப்பு யானை இல்லை.
ஆவுடைச்செல்வி அம்மாவின் பீடித்தட்டிலிருந்து
காலியான நூல்கண்டு கொண்டுவந்தாள்.
மூன்றே வாரம்,
அதை நூல்கண்டு என்று சொல்ல ஆளில்லை.
"யானய எடுத்து வை மிஸ்."

பாடம் என்றால் பரீட்சை உண்டு.
நான்காம் கேள்வி, இரண்டு மதிப்பெண்:
சிப்பாய் ஏன் பின்னால் நகர்வதில்லை?
விதி அப்படி என்று முப்பது பேர்.
பின்னால நிக்கிறவங்க வழி விடமாட்டாங்க
என்று ரிஸ்வானா.
இரண்டுக்கு இரண்டு போட்டேன்.
ஒரு ஆட்டமும் தோற்காத சுதன்
அந்த இடத்தை வெறுமனே விட்டிருந்தான்.

வரிசை எண்படி ஜோடி சேர்த்ததில்
சுதனுக்கு எதிரே இசக்கித்துரை.
பெஞ்சு நகரும் சத்தம் நின்றது.
கயிறு கட்டக்கூடாதென்று சுற்றறிக்கை வந்தபிறகு
சித்திரை வெயிலிலும்
முழுக்கைச் சட்டை கூடித்தான் போயிருக்கிறது.
நான் விசில் குரலில் விதியைச் சொன்னேன்:
"தொட்டா ஆடணும்லே. தொட்டுட்டு மாத்தக்கூடாது."
தொட்டா என்ற சொல்
மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் சுற்றியது.
கையேட்டில் அது வெறும் விதி எண் ஏழு.

இசக்கித்துரை தன் காயைக் கையால் நகர்த்தினான்.
வெட்டிய வெள்ளைக் காயை மட்டும்
பென்சில் நுனியால் பலகைக்கு வெளியே தள்ளினான்.
ஒரு சிப்பாய். இன்னொரு சிப்பாய். ஒரு மந்திரி.
சுதன் பலகையை மட்டும் பார்த்தான்,
அல்லது பென்சிலையும்.
கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினேன்.
பென்சில் பற்றி ஒன்றும் போடவில்லை.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

நான்கு வெள்ளி இப்படி.
ஐந்தாவது வெள்ளி
சுதனின் குதிரை ரெண்டு வீடு போய் சந்து திரும்பி
ராஜாவையும் நூல்கண்டையும் ஒருசேரப் பார்த்து நின்றது.
இசக்கித்துரை காதைத் தேய்த்தான்,
கழுத்தைத் தேய்த்தான்.
மூலையில் மறந்துகிடந்த தன் மந்திரி
கண்ணில் பட்ட வேகத்தில்
மந்திரியை வைத்தான்
குதிரையைப் பறித்தான்
கையால்.
பென்சில் உருண்டு கீழே போனது.

அவனுக்குத் தெரியவில்லை.
அடுத்த ஆட்டத்தை யோசித்தபடி
வெள்ளைக் குதிரையை உள்ளங்கையில் வைத்து
உருட்டினான், பிடரியை நெருடினான்,
ஒருதரம் பல்லால் கடிக்கக்கூடப் போனான்.
சுதன் பார்த்தான். பேசவில்லை.
சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் வைத்தான்.
மணி அடித்துவிட்டது.

"கை குடுத்தானுவளா?" தலைமையாசிரியர் கேட்டார்.
இல்லை சார்.
பெட்டியில் ஒரு வெள்ளைக் குதிரை குறைந்தது.
வெள்ளி இரவு, சனி, ஞாயிறு
மேலத்தெருவில் ஏதோ ஒரு வீட்டில்
சட்டைப்பைக்குள் அது இருந்திருக்கவேண்டும்.

அடுத்த வெள்ளி
சுதன் காய்களைக் கொட்டி எண்ணினான்.
"முப்பத்திரண்டும் இருக்கு மிஸ்.
நூல்கண்டோட சேத்து."
எப்போது, எந்த முக்கில்,
யார் கையிலிருந்து யார் கைக்கு?
கேட்கவில்லை.

கணக்கு சார் வாசலில் நின்றார்:
"வெளாட்டுப் பீரியட்தான மிஸ்,
திருப்புதல் தேர்வு வருது, எனக்குக் குடுங்களேன்."
சாக்பீஸ் கையோடு திரும்பினேன்.
தரமுடியாது சார்,
போன வாரத்து ஆட்டம் பாதியில் நிற்கிறது.