ஜாம் பாட்டிலில் பத்து

க்ளூஜ் நகரத்து டிராம்களில் இருபது வருடம்
வயர் பார்த்தவன் நான்.
உறை உரிந்தால் என்ன ஆகுமென்று
டாக்டர் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

வியோரிகாவின் நரம்பை உரிப்பது
அவளுடைய காவலாட்களேதான்.
வீட்டுக்காரியைத் திருடி என்று நினைத்துவிட்டார்கள்.

"ஆதாரம் போதாது" என்றார் டாக்டர்.
மேசையில் அட்ரினலின் ஊசி, பனிக்கட்டி,
பாட்டிலுக்குள் பத்துத் தேனீ.

இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்து
மரத்த தொடையில் வைத்தேன்.
கொட்டியதும் குடல் அறுந்து விழுந்தது.
கூட்டைக் காப்பதாக நினைத்திருக்கும், பாவம்.

ஏழாவதுக்கு "ஆ!" என்றாள்.
ஆகஸ்டிலிருந்து
சூடும் குளிரும் தெரியாத இடம்.

விஷமா, வெறும் அதிர்ஷ்டமா,
நான் கேட்கவில்லை.
"வலிக்குது, ஹோரியா" என்றாள்
சம்பளம் வந்ததைச் சொல்வதுபோல.

மீதி மூன்றை
ஜன்னல் திறந்து விட்டேன்.
ஒன்று மட்டும் போகாமல்
கண்ணாடியில் நடந்துகொண்டிருந்தது.