புகார் எண்

மின்வாரியப் புகார் மையத்தில் எனக்குப்
பதினான்காம் நாற்காலி.
ஒரு ஷிப்டில் இருநூறு முறை
"வணக்கம், சொல்லுங்க" என்கிறேன்.
கரண்ட் இல்லை என்பதை
இருநூறு விதமாகக் கேட்கிறேன்.

பத்து நாள் பேசாமல் இருக்கப்போகிறேன் என்றதும்
சூப்பர்வைசர் லீவு லெட்டரைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கத்தில் நிஜமான காரணம்
எழுதியிருக்கும் என்பதுபோல.

குன்றத்தூர் தாண்டி ஒரு மாந்தோப்பு.
போனை உறைக்குள் போட்டு, மேலே
பெயரெழுதி வாங்கிக்கொண்டார்கள்.
மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைத் தவிர
யாரும் என் தலைக்கு மேல் குரல் உயர்த்தவில்லை.

மூச்சு வருகிறது, கவனி.
மூச்சு போகிறது, கவனி.
வேலை அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் முட்டி கூப்பிட்டது.
வணக்கம், சொல்லுங்க.
இடது முட்டி, மடக்கின இடத்தில் நெருப்பு.
உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது.
பிறகு இடுப்பு.
பிறகு, தங்கை கல்யாணப் பந்தியில்
பெரியப்பா மகன் சொன்ன ஒரு வாக்கியம்.
பதினோரு வருடம் ஆகிறது.
சொன்னவன் மறந்திருப்பான்;
எனக்கு இன்னும் அதே இலை,
அதே பாயசச் சூடு.
எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தேன்.
யாரையும் அனுப்பவில்லை.
அனுப்ப ஆளில்லை.

ஏழாம் நாள் மதியம்
நெருப்பு கொஞ்சம் நகர்ந்தது.
எங்கே என்று தேடினால்
காணோம்.
அழுதேன்.
பக்கத்துப் பாயில் இருந்தவள்
திரும்பிப் பார்க்கவில்லை.
அவ்வளவு மரியாதை
அதுவரை எனக்கு யாரும் தந்ததில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை
தண்ணீர் லாரி வரிசையில்
என் குடத்தை நகர்த்திய அல்லிராணியிடம்
கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன்.
பத்து நாள் சேர்த்ததெல்லாம்
ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கு.

புதன்கிழமை ஏழு மணி,
அயனாவரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஓர் அறை.
சுவரில் காலண்டரிலிருந்து வெட்டிய புத்தர்,
காலடியில் ஏப்ரல் மாதம்
பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது.
படிக்கட்டு வரை செருப்புகள்.
நர்ஸ் ஜெயசீலி, ஐசிஎஃப் வெல்டர் செங்கேணி,
மூன்றாவது இன்டர்வியூவும் போன மருதன்,
பஸ் கண்டக்டர் எபிநேசர்.
சரணம் சொல்லும்போது எபிநேசர்
எப்போதும் அரை எழுத்து முந்துவார்,
டபுள் விசில் கொடுத்துவிட்டவர் மாதிரி.

லாரிக் கதையைச் சொல்லிவிட்டு
அறிவுரைக்குத் தலை குனிந்தேன்.
"மறுநாள் வரைக்கும் தாங்கிச்சா?" என்றார் எபிநேசர்.
"எனக்கு திரும்பி வர்ற பஸ்லயே போயிடுச்சு.
சில்லறைச் சண்டை.
அதுவும் நான் டிக்கெட் எடுக்கிற பக்கம்."

சிரித்து ஓய்ந்தபிறகு ஜெயசீலி சொன்னாள்:
ஊசி ஏற்றுமுன் ஒரு மூச்சு,
வார்டில் அவளுக்கு வாய்ப்பது அவ்வளவுதான்.
நான் கணக்குப் போட்டேன்.
ஓர் அழைப்பு அறுந்து அடுத்தது விழுவதற்குள்
மூன்று விநாடி.
உள்ளே ஒரு மூச்சு, வெளியே முக்கால்.
மீதிக் கால் மூச்சு
அடுத்தவர் வசவில் கலந்துவிடும்.
பரவாயில்லை.

உட்கார்ந்து பத்து நிமிடம் இருக்கும்,
மின்விசிறி தள்ளாடி நின்றது.
மூடிய இமைக்குள்ளும் இருட்டு கூடியது.
கீழே யாரோ ட்ரான்ஸ்ஃபார்மரைத் திட்டினார்கள்.
இந்நேரம் பதினான்காம் நாற்காலியில்
வேறொருத்தி வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பாள்.
எனக்கு நாக்கு அரித்தது:
யாராவது கம்ப்ளைன்ட் கொடுத்தீங்களா?
அரிப்பையும் பதிந்துகொண்டேன்.
பிடரியில் கிளம்பிய ஒரு வியர்வைத் துளி
முதுகின் கடைசி எலும்பு வரை இறங்குவதை
வாழ்க்கையில் முதல்முறை
முழுசாகப் பின்தொடர்ந்தேன்.
ஒரு கொசு காதருகே வந்து
நீளமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனது.

கரண்ட் வந்தது.
தெருவே ஹோவென்று கத்தியது.
ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

எதிர்ப்பாயில் எபிநேசரும்
ஒன்றை மட்டும் திறந்திருந்தார்.

மூடிக்கொண்டோம்.