பம்பு பிராக்கெட், திருத்தம் பதினொன்று

கணபதியில்,
மின்வாரியம் எங்களுக்குக் கொடுத்த முக்கால் மணி நேரத்தில்
வேலைச்சீட்டின் முதுகில் எழுத ஆரம்பித்தோம்.

மடங்குகிற எதையும் நம்பமாட்டார் வெள்ளிங்கிரி:
குடை, நாற்காலி, கத்தி.
"ஒரு சாண் அலகு வேணுமுங்க.
இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் ஓடோணும்.
பிடிக்கு ஊஞ்ச மரம். நெம்ப வழவழன்னு வேண்டாம்,
வேர்வையில நழுவும்."
அன்னூர்த் தோட்டத்துக்கு மொபெட்டில் போகும்போது
தொடையைக் குத்தாத உறை.
எருமைத் தோலா என்றேன்.
எதுவோ ஒண்ணு, சத்தம் மட்டும் போடக்கூடாது என்றார்.

சம்பத்குமார் சத்தத்துக்காகவே கத்தி வாங்குகிறவன்.
ஒன்பது வைத்திருக்கிறான்.
திறக்கையில் ஒரு டக்,
பூட்டுகையில் அதைவிடத் தாழ்ந்த ஒரு டக்,
நடுவே பேரிங் உருளும் அந்த வழுக்கல்
ஒன்பதிலும் சரியில்லையாம்.
எஃகின் பெயர்களை டவுன் பஸ் நம்பர் போலச் சொல்வான்:
டி டூ, எம் முன்னூத்தித் தொண்ணூறு,
நம்ம ஸ்டாப்பில் நிற்கவே நிற்காத இன்னொன்று.
டைட்டானியப் பிடி என்று எழுதச் சொன்னான்.
எழுதினேன். பக்கத்தில் அவன் சம்பளத்தையும் எழுதினேன்.
பிடுங்கி அடித்துவிட்டு,
"சோமனூர்க் காடாத்துணி இருக்குல்ல,
பிசின்ல ஊறவெச்சு நாமளே அழுத்திக்கலாம்" என்றான்.
அது நல்ல யோசனைதான். அடிக்கோடிட்டேன்.

ராம்பிரவேஷ் கூலண்ட் துடைத்துக்கொண்டே
தனக்கு வந்த தமிழில் சொன்னான்:
"ரூம்ல ஆறு ஆள். கத்தி ஒண்ணு.
நான் வெங்காயம் வெட்டுறேன்,
பின்னாடி ஒருத்தன் தக்காளி வெச்சு நிக்கிறான்."
என்ன வடிவம் வேணும் என்றோம்.
கந்தலை மடித்தான், பிரித்தான்.
"பேர் போடணும். பிடியில. என் பேர்."
அந்தப் பேருக்கு அருவாளே பத்தாதுடா என்றான் சம்பத்.
முதலில் சிரித்தது ராம்பிரவேஷ்தான்.

"உனக்கு எதுக்கு மகுடேஸ்வரி,
ராத்திரி ஷிப்டு முடிஞ்சு போறதுக்கா?"
மூன்று பேரும் ஒட்டுக்கா இரக்கப்பட்டார்கள்.

இல்லை.
கொய்யாவுக்கு.

காயும் இல்லாத பழமும் இல்லாத அந்தப் பதத்தில்
விதையில் இடறாமல் இறங்குகிற அலகு.
இரண்டே முக்கால் அங்குலம் தாராளம்.
எனக்கு ஒரட்டாங்கைப் பழக்கம்;
கட்டைவிரல் வைக்கும் குமிழோ
எந்தக் கம்பெனிக் கத்தியிலும் எதிர்ப்பக்கமே முளைக்கிறது.
அப்புறம் இந்தப் பாக்கெட் கத்தி என்கிற பேச்சு.
எந்தப் பாக்கெட்?
என் சுடிதார் எதிலும் டெய்லர் அதற்குத் துணி விட்டதில்லை.
துப்பட்டா மடிப்பைக் கவ்வ வேண்டும், நூல் இழுக்கக்கூடாது:
அந்தக் கிளிப்புக்கு மட்டும்
நான்கு படம் போட்டு வைத்திருக்கிறேன்.

கரண்டு வந்துவிட்டது.
என் மெஷினில் மயிரிழைக் கம்பி
எஃகைத் தொடாமலே பொறிவிட்டு அறுக்கும்.
அதன் காலடியில், அச்சு வெட்டி மிஞ்சிய டி டூ துண்டு.
வெர்னியர் வைத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு மில்லி.

வெள்ளிங்கிரி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
பிடிக்கும் அலகுக்கும் பங்கு போட்டால்
என்ன மிஞ்சும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.
மெதுவாக,
சம்பத் காதில் விழாதபடி கேட்டார்:
"மடக்குனா நீளம் பத்துமுங்களா?"

அன்றிரவு நான்கையும் திரையில்
ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்:
அவர் கேட்ட முதுகு, இவன் கேட்ட வளைவு,
என் அலகு, ஒரு பெயருக்கான இடம்.
ஓணான் மாதிரி இருந்தது.
அழித்தேன். மறுபடி ஓணான்.

முதலாளி கண்ணில் படக்கூடாதென்று
பம்பு பிராக்கெட் என்று பெயரிட்டுச் சேமித்தேன்.
பத்துத் திருத்தம் ஆயிற்று.

நேற்று அவரே வந்து என் பின்னால் நின்றார்.
சித்த நேரம் ஒன்றும் பேசவில்லை.
ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.
"இந்த பிராக்கெட்டுல" என்றார்,
"விரல் உக்கார்ற பள்ளத்தக் கொஞ்சம் பின்னால தள்ளோணும்."
எவ்வளவுங்க என்றேன்.

தன் கட்டைவிரலைத் திரைமேல் வைத்துக் காட்டினார்.